தஞ்சாவூர் ஓவியச் சட்டத்துக்கு ஒரு மைட்டர் சா: மகிட்டா எல்எஸ்1040

மூன்று அங்குலம் வரை அகலமுள்ள மோல்டிங்கில், அதாவது பூவேலைச் சட்டக் கட்டையில், ஃப்ரேம் போடுகிறவராக இருந்தால் கட்டையைக் கோணத்தில் வெட்டும் இந்த மின்ரம்பத்தை, மகிட்டா எல்எஸ்1040-ஐ, தாராளமாக வாங்கலாம். நான்கு அங்குலச் செட்டிநாட்டுச் சட்டம்தான் உங்கள் பிழைப்பு என்றால் இது வேண்டாம், பிளேடு முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடிங் மைட்டர் சாவுக்குப் போய்விடுங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் கடைசி வரை படிப்பதில்லை.

தஞ்சாவூரில் ஃப்ரேம் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிற வேலையில் முக்கால்வாசி தஞ்சாவூர் ஓவியங்களுக்குத் தேக்குச் சட்டம். மிச்சம் கல்யாணப் போட்டோ, பட்டமளிப்புப் போட்டோ, இறந்தவர் படம் என்று சிந்தெடிக் மோல்டிங்கில் போகும். அப்பா காலத்தில் மரத்தில் செய்த மைட்டர் பெட்டியும் முதுகு வைத்த கைரம்பமும்தான் எல்லாம். அவர் கைக்கு அது போதுமானதாக இருந்தது. என் கைக்குப் போதவில்லை, இப்போது வருகிற ஆர்டர் வேகத்துக்கும் போதாது.

தஞ்சாவூர் ஓவியத்தில் மூலை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்காக: பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிக் கலவையால் நகை, தோரணம், மண்டபமெல்லாம் மேடாக்கி, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்து வருகிற படம் அது. கண்ணாடி அந்த மேட்டில் படக்கூடாது. அதனால் சட்டத்துக்கு உள்ளே ஆழமான பள்ளம் வேண்டும், சட்டமும் கனமாக இருக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் தங்கம் மின்னும்போது பக்கத்தில் மூலையில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் படம் வரைந்தவருக்கு வயிறு எரியும். எங்களிடம் வாடிக்கையாக வரும் ஓவியர் அம்மா ஒருவர் சட்டத்தைக் கையில் வாங்கியதும் கண்ணால் பார்க்க மாட்டார். மூலையில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவார். நகம் இடறினால், "என்ன தம்பி, நகம் மாட்டுதே" என்பார். அவ்வளவுதான், அந்தச் சட்டம் திரும்பப் பட்டறைக்குள் வரும். பட்டி வைத்துப் பூசி மெழுகுகிற வேலை அவரிடம் நடக்காது.

இனி மெஷின். 10 அங்குல பிளேடு, 1650 வாட், நிமிடத்துக்கு 4600 சுற்று, எடை 11 கிலோ. மேசை இடப்பக்கம் 45 டிகிரி வரையும் வலப்பக்கம் 52 டிகிரி வரையும் திரும்பும். 0, 15, 22.5, 30, 45 ஆகிய இடங்களில் 'டக்' என்று தானே உட்காரும். பிளேடும் மோட்டாரும் உள்ள தலை இடப்பக்கம் மட்டும் சாயும். லேசர் கோடு கிடையாது. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை, பென்சில் கோட்டுக்கு மேல் பிளேடை இறக்கிப் பல்லைப் பார்த்தே வைத்துவிடலாம். 11 கிலோ என்பதால் பட்டறையில் ஒரு ஆளே தூக்கி ஆட்டோவில் வைத்து வேலை நடக்கிற வீட்டுக்கே கொண்டு போகலாம். சுவிட்சை விட்டதும் பிளேடைப் பிடித்து நிறுத்தும் பிரேக் இருக்கிறது, சின்னத் துண்டு வெட்டுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம்.

நேர்வெட்டில் இதில் 130 மில்லிமீட்டர் அகலம் போகும். 45-க்குத் திருப்பினால் வெட்டு சாய்வாகப் போவதால் அதை 1.414-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 92 மி.மீ., அதாவது மூன்றரை அங்குலத்துக்கு மேல் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). இதனால்தான் முதலிலேயே மூன்று அங்குலம் வரை என்று சொன்னேன். நான்கு அங்குலச் சட்டத்தில் பிளேடு கடைசி அரை அங்குலத்தைத் தொடாமல் நின்றுவிடும். தட்டையான கட்டை என்றால் கவிழ்த்துப் போட்டு மிச்சத்தை வெட்டலாம். மோல்டிங்கைக் கவிழ்த்தால் பூவேலை மேசையில் முட்டி ஆடும், வெட்டு ஒரே தளத்தில் வராது. கைரம்பத்தால் மீதியை அறுத்து இழைப்புளியால் சரிசெய்யலாம், ஒரு சட்டத்துக்குச் செய்யலாம், வாரம் முழுக்கச் செய்ய முடியாது.

சரி, 45 டிகிரி வெட்டு எவ்வளவு துல்லியமாக வர வேண்டும்? ஒரு சட்டத்தில் நான்கு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் கால் டிகிரி ஒரே பக்கமாகத் தவறினால், மூன்று மூலையை இறுக்கி ஒட்டிவிட்டு நான்காவது மூலைக்கு வரும்போது இரண்டு டிகிரி வாய் பிளந்து நிற்கும். மூன்று அங்குல மோல்டிங்கில் வெட்டு முகம் ஏறத்தாழ 108 மி.மீ. நீளம். அதில் இரண்டு டிகிரி என்றால் முனையில் 3.8 மி.மீ., ஒரு நூலுக்கும் மேல். கால் டிகிரி என்பது மேசையில் உள்ள அளவுகோலில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் தெரியாத அளவு. ஆகவே அளவுகோலை நம்பி ஃப்ரேம் போட முடியாது. இது இந்த மெஷினுக்கு மட்டும் அல்ல, பல மடங்கு விலை உள்ள மெஷினுக்கும் இதே கதைதான். லாரியில் ஆடி ஆடி வந்த எந்த மெஷினையும் பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒருமுறை சரிபார்த்துத்தான் ஆக வேண்டும்.

சரிபார்க்க மூலைமட்டம் ஒன்று போதும், ஆனால் அது உண்மையான மூலைமட்டமாக இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கொத்தனார் வேலைக்கு விற்பதை வைத்து இதைச் செய்யாதீர்கள். முதலில் மேசையை 0-வில் வைத்து, நான்கு அங்குல அகலமுள்ள, இரண்டு ஓரமும் இணையாக இழைத்த ஒரு பலகையைக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டிய இரண்டு துண்டில் ஒன்றை மட்டும் கவிழ்த்துப் போட்டு, இரண்டையும் கைடில், அதாவது கட்டையைச் சாய்த்து வைக்கும் பின்தடுப்பில், சாய்த்து வெட்டு முகங்களைச் சேருங்கள். தவறு இருந்தால் இடைவெளி இரண்டு மடங்காகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத தவறைக் கண்ணுக்குத் தெரிய வைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. இடைவெளி தெரிந்தால் கைடைப் பிடித்திருக்கும் அறுகோண போல்டுகளைத் தளர்த்தி, மூலைமட்டத்தைப் பிளேடு உடம்பிலும் கைடிலும் ஒட்ட வைத்து, வலப்பக்கத்திலிருந்து வரிசையாக முடுக்க வேண்டும். மூலைமட்டம் பிளேடின் உடம்பில்தான் படவேண்டும், பல்லில் படக்கூடாது. பல் உடம்பைவிடக் கொஞ்சம் வெளியே துருத்தி நிற்கும். போல்டை முடுக்கும்போது கைடு ஒரு மயிரிழை நகரும், அதனால் முடுக்கிய பிறகு மறுபடி வெட்டிப் பாருங்கள். பிளேடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதையும் இதே மாதிரி பார்க்க வேண்டும். அது சாய்ந்திருந்தால் மூலை மேலே மூடியும் அடியில் திறந்தும், அல்லது மாறியும் நிற்கும். முன்பக்கம் மூடியிருந்தால் போதும் என்று சிலர் விட்டுவிடுவார்கள். பசை பிடிப்பது பாதிப் பரப்பில்தான் என்பதால் அந்த மூலை ஒரு வருடத்தில் விட்டுவிடும்.

இங்கே ஒரு விஷயம், ஃப்ரேம்காரர்களுக்கு மட்டும். மோல்டிங்கில் ஒரு முகம்தான் மேலே பார்க்கும், கவிழ்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முனையை மேசையை இடப்பக்கம் திருப்பியும் மறுமுனையை வலப்பக்கம் திருப்பியும் வெட்டுகிறோம். கைடு கொஞ்சம் கோணலாக இருந்தால் இடப்பக்கம் 45.3 வரும், வலப்பக்கம் 44.7 வரும். இரண்டையும் கூட்டினால் 90. மூலை கச்சிதமாக மூடிக்கொள்ளும், மூலைமட்டம் வைத்தாலும் சரி என்று சொல்லும். ஆனால் மூன்று அங்குலச் சட்டத்தில் இரண்டு வெட்டு முகங்களும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம் மாறியிருக்கும். மோல்டிங்கில் ஓடும் வரிகள், முத்து வரிசை, பூங்கொடி எதுவும் மூலையில் நேராகச் சந்திக்காது. உள்விளிம்பை ஒட்டினால் வெளிவிளிம்பில் படி விழும். "மூலை மூடிருச்சு, ஆனா டிசைன் சேரலியேண்ணே" என்று பையன்கள் குழம்புவது இதனால்தான். மோல்டிங்கைக் குறை சொல்வார்கள், மர மில்லைக் குறை சொல்வார்கள். கைடைத்தான் பார்க்க வேண்டும்.

கோணத்துக்கு அடுத்தது நீளம். இரண்டும் ஒரே அளவு முக்கியம் என்பேன், இன்னும் சொன்னால் நீளத்தில்தான் அதிகச் சட்டம் கெடுகிறது. எதிரெதிர்த் துண்டுகள் அரை மில்லிமீட்டர் மாறினாலும், கோணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஏதோ ஒரு மூலை வாயைத் திறக்கும். டேப்பை வைத்து அளந்து இரண்டு துண்டும் ஒரே நீளத்தில் வெட்டுவது யாராலும் முடியாது. கைடில் ஒரு நேரான நீளக் கட்டையைத் திருகி, அதில் ஸ்டாப்பர் கட்டையைக் கிளாம்ப் போட்டு, முதல் துண்டும் எதிர்த் துண்டும் அதே ஸ்டாப்பரில் முட்டி வெட்ட வேண்டும். மைட்டர் முனை ஊசி மாதிரி இருப்பதால் ஸ்டாப்பரில் அழுத்தினால் நசுங்கும். அதற்கு ஸ்டாப்பரையும் 45-ல் சீவி, முனைக்குப் பதிலாக வெட்டு முகம் முழுவதும் அதில் உட்காரும்படி வையுங்கள். ஸ்டாப்பருக்கு அடியில் தூள் சேராமல் கீழ் ஓரத்தைக் கொஞ்சம் சீவிவிடுங்கள். ஒரு சிட்டிகைத் தூள் நடுவில் நின்றால் அரை மில்லிமீட்டர் போய்விடும்.

எல்எஸ்1040-ன் கைடில் துளைகள் இருப்பதால் இந்தக் கட்டையைத் திருகுவது சுலபம். அந்தக் கட்டையால் இன்னொரு லாபமும் உண்டு. மைட்டர் சாவின் பல் மேலிருந்து கீழாகவும் முன்னிருந்து கைடு பக்கமாகவும் வெட்டிப் போகிறது, சிலாம்பு பெயர்வது அடியிலும் பின்னாலும்தான். பின்னால் மரக்கட்டை அணைப்பாக இருந்தால் வெளிவிளிம்பு பெயராது. மேசைக்கு மேலும் ஒரு மெல்லிய எம்டிஎஃப் பலகை போட்டுவிடுகிறேன். அழுக்கானதும் கழற்றி வேறு போடுவேன். பூ முகம் மேலே இருப்பதால் அது எப்போதும் சுத்தமாகவே வெட்டுப்படும்.

பிளேடு. இதில் கஞ்சத்தனம் கூடாது. பொதுவாக மெஷினோடு வருவது கட்டட வேலைக்கான, பல் குறைந்த பிளேடு. அதில் மோல்டிங் வெட்டினால் முகம் சொரசொரப்பாக வரும். 10 அங்குலத்தில் 80 பல், கார்பைடு முனை, பல் முன்னோக்கிக் கவ்வாமல் சற்றே பின்சாய்ந்த கோணம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முன்சாய்ந்த பல் உள்ளது டேபிள் சாவுக்கானது. மைட்டர் சாவில் போட்டால் கட்டையைக் கைடை நோக்கி வெடுக்கென்று இழுக்கும், மெல்லிய துண்டு பறக்கும். ஒரு கடையில் "எல்லாத்துக்கும் ஆகும் சார்" என்று கொடுத்த பிளேடு சிந்தெடிக் மோல்டிங்கை உருக்கிப் பல்லெல்லாம் அடைத்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் ஆகும் பிளேடு எதற்கும் ஆகாது. நடுத்துளை அளவைக் கேட்டு வாங்குங்கள், சந்தையில் 25.4 மி.மீ.யும் உண்டு, 30-உம் உண்டு. வளையம் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். ஃப்ரேம் வேலைக்கு அது வேண்டாம், பிளேடு நடுத்தப்பிச் சுற்றினால் வெட்டு முகத்தில் வரிவரியாக விழும்.

வெட்டுகிற விதம் பற்றிக் கொஞ்சம். 45-க்குத் திருப்பியதும் பிளேடு கட்டையைக் கைடோடு பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். கை எவ்வளவு அழுத்தினாலும் ஒரு இம்மி நகரும். கைடில் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டினால் வழுக்காது, கிளாம்ப் போட்டால் இன்னும் நல்லது. பிளேடு முழு வேகம் எடுத்த பிறகு இறக்குங்கள், அவசரப்படாமல் இறக்குங்கள், அடியில் சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகு தலையைத் தூக்குங்கள். சுற்றிக்கொண்டே தூக்கினால் வரும்போது முகத்தை இன்னொருமுறை உரசும், வெட்டிய மூலைத்துண்டையும் கவ்வி எறியும். எல்லாத் துண்டையும் முதலில் ஒரு நூல் கூட வைத்து வெட்டிவிட்டு, கடைசியில் அரைப் பல் அளவு மட்டும் சீவி எடுக்கிறேன். அப்படிச் சீவிய முகம் இழைப்புளி போட்டது மாதிரி பளபளவென்று வரும். தேக்கு எண்ணெய் மரம் என்பதால் பிளேடில் பிசின் ஏறும், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து நன்றாக உலர விடுங்கள். பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைப்பதில் பாதி இந்தப் பிசின்தான்.

தூள் பை எந்த மைட்டர் சாவிலும் பேருக்குத்தான். தேக்குத் தூள் தொண்டையில் அரிக்கும், தோலிலும் சிலருக்குத் தடிக்கும். முகமூடி போடாமல் நிற்காதீர்கள். காதடைப்பானும் வேண்டும். கை பிளேடு ஓடும் பாதைக்கு ஆறு அங்குலம் தள்ளியே இருக்கட்டும். அதைவிடச் சின்னத் துண்டைக் கையால் பிடித்து வெட்டாதீர்கள், நீளக் கட்டையில் முனையை முதலில் வெட்டிக்கொண்டு பிறகு அளவுக்கு அறுங்கள்.

மச்சான் ஒருவர் கும்பகோணத்தில் இன்டீரியர் வேலை பார்க்கிறார். கூரைக்கும் சுவருக்கும் நடுவே வைக்கும் கார்னிஸ் வெட்ட இதை வாங்கிக்கொண்டு போவார். சுவரோடு 38 டிகிரி சாயும் கார்னிஸைத் தட்டையாகப் படுக்கவைத்து வெட்ட மேசையை 31.6-லும் தலையை 33.9-லும் வைக்க வேண்டும். இந்த மெஷினில் அந்த இடங்களில் தானே உட்காரும் ஸ்டாப் கிடையாது, முள்ளைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். தலை ஒரு பக்கம் மட்டும் சாய்வதால் பாதி வெட்டுக்குக் கட்டையைத் திருப்பிப் போட வேண்டும். அந்த வேலை நிறைய உள்ளவர்கள் தலை இரண்டு பக்கமும் சாய்கிற மெஷின் பார்க்கலாம். அதோடு, நம் ஊர்ச் சுவர் மூலைகள் பூச்சில் 88-ம் இருக்கும் 92-ம் இருக்கும். 90 என்று கணக்குப் போட்டு வெட்டினால் எந்த மெஷினும் சேராது. மூலையை அளந்து பாதியாக்கித்தான் வெட்ட வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் ஒன்று உண்டு. மூலை திறந்தால் மெஷினைத் திட்டுவதற்கு முன் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். மரம் காய்ந்தால் அகலத்தில்தான் சுருங்கும், நீளத்தில் சுருங்காது. அகலம் குறைந்ததும் 45 என்பது 45-க்குக் கொஞ்சம் கீழே போய்விடும், வெளிமுனை ஒட்டியிருக்க உள்மூலை வாய் திறக்கும். ஈரம் குடித்து உப்பினால் உள்மூலை முட்டிக்கொண்டு வெளிமுனை திறக்கும். ஐப்பசி அடைமழையில் போட்ட சட்டம் பங்குனியில் உள்பக்கம் திறந்து வருவதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். அகலமான சட்டத்தில் இது அதிகம் தெரியும். அதற்கு மருந்து மெஷினில் இல்லை, நன்றாகக் காய்ந்த மரம், பிறகு மூலைக்குள் காடி எடுத்துச் சொருகும் மரநாக்கு. வெட்டு முகம் பசையைக் குடித்துவிடும் என்பதால் ஃபெவிகாலை முதலில் மெல்லியதாகத் தடவி ஊற விட்டு, அப்புறம் இரண்டாவது கை தடவி இறுக்க வேண்டும்.

வேறு என்னென்ன இருக்கிறது என்று கேட்டால்: போட்டோ சட்டம் மட்டும் போடுகிறவர்கள் டென்மார்க்கின் மோர்ஸோ மாதிரியான மிதிகட்டை கில்லட்டினை, அதாவது மிதித்தால் கத்தி இறங்கி வெட்டும் மெஷினை, பார்க்கலாம். தூள் இல்லை, சத்தம் இல்லை, இரண்டு மூலையும் ஒரே மிதியில் விழும், கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ஆனால் கெட்டியான அகலத் தேக்கை அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். என் வேலைக்கு மைட்டர் சாதான் சரி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. 1650 வாட் என்றால் 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், வீட்டுச் சுவரில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள், 16 ஆம்பியர் பாயிண்ட் போடுங்கள். நீள ஒயர் எடுத்தால் கனமான ஒயராக எடுங்கள். விலை கடைக்குக் கடை மாறுகிறது, பில்லோடு வாங்குங்கள். 80 பல் பிளேடுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கி வையுங்கள். மெஷினைக் கடையிலேயே வைத்துத் தலையை இறக்கி, கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மேசையை 45-ல் உட்கார வைத்து, பூட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். பழைய மெஷின் எடுக்கிறவர்கள் இந்த இரண்டையும் இரண்டு தடவை செய்யுங்கள். தலை ஆடினால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள், கைடைத் திருத்தலாம், பிளேடை மாற்றலாம், தேய்ந்துபோன அச்சை ஒன்றும் செய்ய முடியாது.